புகார்: லினக்ஸ் நிறுவி விற்ற 6 மடிக்கணினிகளின் குறைபாடுகள்

அனுப்புநர்: ஆறு பயனீட்டாளர் குடும்பங்களின் சார்பில், ஜார்ஜ் டவுன், பினாங்கு
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
நாள்: 9 மார்ச் 2026

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் தங்கள் ஜார்ஜ் டவுன் கிளையில் ஆறு குடும்பங்கள் தலா ஒன்றாக வாங்கிய மறுசீரமைத்த மடிக்கணினிகள் பற்றிய புகார் இது. "உபுண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்பு, தமிழ்த் தட்டச்சு தயார், திறந்தால் போதும்" என்று விலைச்சீட்டிலேயே அச்சிட்டிருந்தீர்கள். உபுண்டு என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை. வாங்கிய அனைவரும் லினக்ஸுக்குப் புதியவர்கள். பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்காக அந்தச் சொல்லை நம்பிப் பணம் கட்டியவர்கள். ஆறு கணினிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே எழுதுகிறோம்.

முதலில் பதிப்பு. ஆறிலும் இருப்பது உபுண்டு 24.10. நீண்டகால ஆதரவு உள்ளது 24.04; 2024 ஏப்ரலில் வெளிவந்து 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெறுவது. 24.10 ஓர் இடைக்காலப் பதிப்பு, ஆயுள் 9 மாதம். 2025 ஜூலையிலேயே அதன் ஆதரவு முடிந்துவிட்டது. எண் பெரிதாக இருப்பதால் இதுதான் புதியது, நல்லது என்று விவரம் அறியாதவர்கள் நினைப்பார்கள். விற்பவர் அப்படி நினைக்கக்கூடாது. ஆதரவு முடிந்த பதிப்பின் மென்பொருள் தொகுப்புகளைப் பழைய பதிப்புகளுக்கான வழங்கிக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் புதுப்பிக்க முயன்றால், கோப்பு அங்கே இல்லை என்னும் 404 பிழைதான் வருகிறது. அடுத்த 25.04-க்கு ஏற்றியும் பயனில்லை, அதன் ஆதரவும் 2026 ஜனவரியில் முடிந்தது. 24.10-இலிருந்து 24.04-க்கு இறங்க வழியே கிடையாது. முழுதாக மறுபடி நிறுவித்தான் ஆகவேண்டும்.

நான்கு கணினிகளில் வைஃபை வேலை செய்யவில்லை. உள்ளே இருப்பது ப்ராட்காம் பிசிஎம்43142 அட்டை. அட்டையை இயக்கும் மென்பொருளான இயக்கியை உங்கள் தொழில்நுட்பர் நிறுவியிருக்கிறார், பதிவுகளில் தெரிகிறது. ஆனால் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் அந்த வேலை அதோடு முடிவதில்லை. அந்த இயக்கி கணினியிலேயே தொகுக்கப்பட்டு, அங்கேயே உருவான ஒரு சாவியால் கையொப்பமிடப்படுகிறது. அந்தச் சாவியைக் கணினி நம்பும் சாவிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்காகத்தான் மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி 10 விநாடி காத்திருக்கிறது. அங்கே 'என்ரோல் மோக்' (சாவியைப் பதி) தேர்ந்து, 'கன்டினியூ', 'யெஸ்' கொடுத்து, நிறுவும்போது வைத்த தற்காலிகக் கடவுச்சொல்லை இடவேண்டும். அந்த 10 விநாடியைத் தவறவிட்டால் கணினி எதுவும் நடக்காததுபோல் திறந்துகொள்ளும். திரை தானாக மறுபடி வராது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், இயக்கியை ஏற்ற மறுக்கும்: சாவி நிராகரிக்கப்பட்டது என்ற ஒரே வரிதான் மிஞ்சும். நான்கிலும் அந்த வரியைப் பார்த்தோம். 'மோக்யூட்டில்' கருவியால் சாவியை மறுபடி பதியக் கோரிக்கை வைத்து, மறுதொடக்கம் செய்து, நீலத்திரையில் ஏற்றுக்கொண்டால் தீர்ந்தது. ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

உங்கள் முகப்பில் சொன்ன பதில் என்ன? "பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்." பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்த ஒரு தாயாருக்கும் இதே பதில்தான். கோளாறு லினக்ஸில் இல்லை, பாதியில் விட்ட வேலையில் இருக்கிறது. இதை அறிந்தவர்கள் என்ற முறையில் அந்தப் பதில் எங்களை மிகவும் வருத்துகிறது. லினக்ஸ் நமக்கு ஒத்துவராது என்று அந்தக் குடும்பம் முடிவுகட்ட நீங்கள் காரணமாகிவிட்டீர்கள்.

தமிழ்த் தட்டச்சும் அப்படித்தான். விசைப்பலகைப் பட்டியலில் 'தமிழ்நெட் 99' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டு, தயார் என்று எழுதிவிட்டீர்கள். அது வெறும் விசை வரைபடம். தமிழ்99 முறையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழவேண்டும். 'அம்மா' எழுதும் பிள்ளைக்கு 'ம்ம' கிடைக்கவேண்டும். இங்கே 'மம' என்றே நிற்கிறது. முன்னெழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்க 'ஐபஸ்-எம்17என்' தொகுப்பு தேவை. அதை நிறுவி, வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகுதான் உரிய தமிழ்99 பட்டியலில் தோன்றும். நேர மண்டலத்தைக்கூடக் கோலாலம்பூருக்கு மாற்றவில்லை. ஆறு கடிகாரங்களும் 8 மணி நேரம் பின்னால் ஓடுகின்றன.

256 ஜிபி வட்டில் மூலப் பகிர்வுக்கு (இயங்குதளமும் கோப்புகளும் இருக்கும் பகுதிக்கு) 25 ஜிபி மட்டும் கொடுத்து, மீதியை வடிவமைக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஒரு கணினியில் பாடக் காணொளிகள் சேர்ந்து அது நிரம்பிவிட்டது. கடவுச்சொல்லைச் சரியாக இட்டாலும் உள்நுழைவுத் திரைக்கே திரும்புகிறது, ஏனெனில் தற்காலிகக் கோப்புகளை எழுத இடமில்லை. வீட்டில் அதைக் கடவுச்சொல் மறந்த குற்றமாக எடுத்துக்கொண்டு பிள்ளையைத் திட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது: ஆறிலும் பயனர் பெயர் ஒன்று, அடியில் ஒட்டிய கடவுச்சொல் ஒன்று, இயந்திர அடையாள எண்ணும் ஒன்றே. நிறுவி முடித்த ஒரு வட்டின் முழு நகலை, அதாவது ஒரே பிம்பத்தை, பிரதி எடுத்து இறக்கியிருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழையவிடும் எஸ்எஸ்எச் வழங்கியும் இயங்குகிறது, அந்தக் கணக்குக்கு நிர்வாக உரிமையும் உண்டு. பள்ளியிலோ நூலகத்திலோ ஒரே வலையமைப்பில் இருந்தால், ஒரு கணினியை வைத்திருப்பவர் மற்ற ஐந்துக்குள்ளும் நுழையலாம். இதே பிம்பத்தோடு வேறு யாருக்கெல்லாம் விற்றீர்களோ, அவர்களையும் நீங்கள் அழைத்துச் சொல்லவேண்டும்.

நாங்கள் கேட்பது: பிள்ளைகளின் கோப்புகளை முதலில் பிரதி எடுத்துக்கொண்டு, ஆறிலும் 24.04 பதிப்பை முழு வட்டில் கட்டணமின்றி நிறுவுங்கள். பிம்பத்தைப் பிரதி எடுக்காமல் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நிறுவி, அந்தந்தக் குடும்பமே தன் கடவுச்சொல்லை இடட்டும். செக்யூர் பூட் இயங்கியபடியே, இரண்டு மறுதொடக்கத்துக்குப் பிறகும் வைஃபை இணைவதை எங்கள் முன் காட்டுங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

விற்ற பொருள் சொன்ன நோக்கத்துக்கும் விவரிப்புக்கும் பொருந்தவேண்டும் என்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33, 34-ஆம் பிரிவுகள். 14 நாளில் எழுத்துபூர்வப் பதில் வராவிட்டால், ஆறு குடும்பங்களும் தனித்தனியே 5 ரிங்கிட் கட்டணம் செலுத்திப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்வார்கள்.

இப்படிக்கு,
ஆறு குடும்பங்களின் சார்பில் கணினிகளைச் சோதித்தவர்கள்

இணைப்பு: 6 ரசீதுகளின் நகல், விலைச்சீட்டின் படம், ஒவ்வொரு கணினியின் கெர்னல் பதிவு