பிளஸ் பட்டனைப் பார்த்து வாங்கு

குளச்சல்
ஞாயிறு

அன்புள்ள செல்வா,

அம்மாவைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறார்கள். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் வாசலில் நின்றபடியே பஸ் போர்டைப் படிக்கிறார்கள். பிரின்ஸ் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன். யாரும் நம்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அபினுக்குப் பழைய கேம் ஓடுகிற கை மெஷின் ஒன்று வேண்டும், எதை வாங்கலாம் என்று மஸ்கட்டிலிருந்து ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். இது ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயமா மக்கா?

பெட்டியில் 10,000 கேம் என்று போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதே. நம் காலத்து 9999 இன் 1 கேசட் ஞாபகம் இருக்கிறதா? ஏழெட்டு கேம்தான், அதையே பெயரை மாற்றி மாற்றி அடுக்கியிருப்பான். இப்போது கேசட் போய் மெமரி கார்டு வந்திருக்கிறது. அதில் கிடப்பவற்றுக்கு யாரும் உரிமைப் பணம் கட்டியதும் கிடையாது. கார்டும் பெரும்பாலும் மட்டமானதாகத்தான் இருக்கும், வாங்கிய கையோடு மாற்றிவிடு.

திரை 3.5 இஞ்ச், 640க்கு 480 புள்ளி இருந்தால் போதும். ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ், மியூ மினி பிளஸ் என்று கடையில் கிடைக்கிற இரண்டு கை மெஷினிலும் இதுதான். காரணம் சொல்கிறேன். நாம் ஆடிய மெஷினின் படம் 256க்கு 240. அதை இரட்டிப்பாக்கினால் உயரம் 480, அச்சாக உட்காரும். மரியோவின் மீசைகூடப் பிசிறில்லாமல் தெரியும். கேம் பாய் என்கிற பழைய கை மெஷினின் 160க்கு 144 மூன்று மடங்கில் அடங்கிவிடும். கேம் பாய் அட்வான்ஸ் மட்டும்தான் தகராறு. அகலத்தை நிரப்பப் போனால் 2.67 மடங்கு ஆகி, புள்ளிகள் ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெலிசாகவும் வரும். இரண்டு மடங்கில் நிறுத்திச் சுற்றிலும் கறுப்பு விட்டுவிடு.

ஆனால் இதெல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது மேல், கீழ், இடது, வலது போக அமுக்குகிற அந்த பிளஸ் பட்டன். யூடியூபில் ஆளாளுக்கு பிராசசர், ரேம் என்று பேசுகிறார்கள், விரல் படுகிற இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பழைய கேம் ரிமோட் ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். பிளஸ்ஸின் அடியில் நடுவில் சின்னதாக ஒரு மேடு. அது போர்டில் ஊன்றி நிற்பதால், இடது பக்கம் அமுங்கினால் வலது பக்கம் எழும். கீழே ரப்பர் விரிப்பு, அதில் நான்கு கார்பன் பொட்டு. இவ்வளவுதான் சங்கதி. அந்த மேடு அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் இடதை அமுக்கும்போது கூடவே கீழும் அமுங்கும், நேராக ஓட வேண்டியவன் குனிந்து படுத்துக்கொள்வான். நின்டெண்டோ கம்பெனியின் கும்பெய் யோகோய் 1982இல் டாங்கி காங் கை மெஷினுக்காக இதைச் செய்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் இதைவிட நல்லதாக ஒன்றை நான் பார்க்கவில்லை.

சோதித்துப் பார்க்க வழி உனக்கே தெரியும். மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ. கான்ட்ரா கேமில் 30 உயிர் வர வேண்டும். வேகமாகப் போட்டுப் பத்து தடவையில் ஒன்பது தடவை வந்தால் வாங்கு. இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அந்த வரிசையை முதலில் கிரேடியஸ் என்கிற கேமுக்காகப் போட்டுவைத்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. சோதித்துப் பார்க்கும்போது அவருக்கே அந்த கேம் கஷ்டமாக இருந்ததாம். 2020இல் இறந்துபோனார். அன்றைக்கு மனசு சரியில்லாமல் போயிற்று. முகம் தெரியாத மனிதர், ஆனால் நம் சாயங்காலங்கள் எல்லாம் அவர் கொடுத்த உயிரில்தானே ஓடின!

நான் எனக்கு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ, 65க்கு 30 மில்லிமீட்டர் பலகை, 512 எம்பி ரேம். நம் கேம்களுக்கு அது தாராளம். மினி எச்டிஎம்ஐ இருப்பதால் டிவியில் மாட்டி, ப்ளூடூத் ரிமோட் இரண்டை வைத்து ரெண்டு பேராக ஆடலாம். நம் ஊர் உப்புக்காற்றுதான் தொல்லை. பட்டன் போர்டில் செம்பு பச்சை பிடித்துவிடுகிறது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துத் துடைத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பழையபடி வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து கெடுத்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அபினுக்கு நீ கையால் செய்து கொடுக்காதே, வாங்கியே கொடு. பேட்டரிதான் காரணம். டிபி4056 என்கிற நீலச் சார்ஜிங் பலகை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. சிலவற்றில் பாதுகாப்புச் சிப் இருக்கும், சிலவற்றில் இருக்காது. வருகிறபடியே அது 1 ஆம்பியரில் ஏற்றும், சின்ன பேட்டரி செல்லுக்கு அது அதிகம். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடுவதற்கும் அது சரிப்படாது. லித்தியம் செல் உப்பினால் விளையாட்டில்லை. பையன் மெஷினைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான், நீயும் அப்படித்தானே இருந்தாய். மெஷினின் முதுகு கொஞ்சம் எழும்பினாலும் சார்ஜ் போடாமல் கொண்டுவந்து உன்னிடம் கொடுக்கச் சொல்.

அப்புறம், உன் வீட்டுப் பரணில் சிவப்பு பட்டன் ரிமோட் இரண்டு கிடக்க வேண்டும், பிரின்ஸ் பல்லால் கடித்த அடையாளத்தோடு. அந்த பிளஸ் எனக்கு வேண்டும், இப்போது வருகிற பலவற்றில் அந்த மேடு சரியாக இல்லை. அம்மாவை ஏணியில் ஏறச் சொல்லாதே. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், போனில் ஒரு வார்த்தை சொல்லி வை.

உன்
ஜஸ்டின்