சோடியம் எந்தத் தட்டில் என்று கேட்டவருக்கு

கடலூர், புதுச்சேரி அறிவியல் ஆசிரிய நண்பர்களுக்கும், கேள்விப்பட்டதும் ஓடி வந்த எல்லாருக்கும் வணக்கம்.

தென்பெண்ணை வெள்ளம் வந்துபோன பிறகு எங்கள் அறிவியல் ஆசிரியர் வட்டத்தின் அறை என்ன கதியில் இருந்தது என்பதைப் படமாகவே பார்த்துவிட்டீர்கள். அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. இன்று சனிக்கிழமை, கதவை மறுபடி திறந்தோம். முதுநகர், குறிஞ்சிப்பாடி, பாகூர், அரியாங்குப்பம், வில்லியனூர் என்று நாலா பக்கமிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். மேசைகள் இன்னும் உப்பிக்கொண்டு நிற்பதால் தரையில் பாய் விரித்தோம். சுவரில் தண்ணீர்க்கோடு அப்படியே இருக்கிறது. வெள்ளையடித்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் சொல்ல வேண்டியது ஆறிப்போய்விடும். அதனால் வீட்டுக்கு வந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

சேறு அள்ளிய நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளுக்கு முதல் நன்றி. ஜெனரேட்டரையும் பம்ப்செட்டையும் வாடகை வாங்காமல் தந்தவருக்கு, காசு அனுப்பிய பழைய மாணவர்களுக்கு, ஆண்டுக்கணக்காகச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த துளிர் சிறுவர் அறிவியல் இதழ்களை மறுபேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு நன்றி. மைக்ராஸ்கோப்புகளைப் பிரித்து, லென்ஸில் படர்ந்திருந்த பூஞ்சையைத் துடைத்துக் கொடுத்த புதுச்சேரி கேமரா ரிப்பேர்க்காரருக்கும், கேன் கேனாக டிஸ்டில்டு வாட்டர் தந்த பேட்டரிக் கடைத் தம்பிக்கும் நன்றி. பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு இப்படிப்பட்ட கடைகள்தான் கடைசியில் கைகொடுக்கின்றன. டீ வாங்கி வந்தவர்கள், வண்டி கொடுத்தவர்கள் எல்லாரையும் இந்த ஒரே வரியில் அடைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மிச்ச இடம் எனக்கு ஒருவருக்காக வேண்டும்.

அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் யாருக்கும் அதுவரை அவரைத் தெரியாது. யார் வழியாகவோ என் நம்பர் கிடைத்து ஃபோன் செய்தார். எவ்வளவு நஷ்டம், எப்படி ஆச்சு என்ற விசாரணை எதுவும் இல்லை.

"டீச்சர், சோடியம் எந்தத் தட்டுல வச்சிருந்தீங்க?"

சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் உலோகம். மேல் தட்டில், மண்ணெண்ணெய் பாட்டிலில், நனையவில்லை என்றேன்.

"நல்லது. ஆசிட் பாட்டில் ஏதாவது உடைஞ்சிருக்கா? பிளீச்சிங் பவுடர் போட்டுட்டாங்களா?"

போடவில்லை. ஆனால் மூட்டை வாசலில் வந்து இறங்கியிருந்தது. தெரு முழுக்கப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் எங்கள் அறைக்கும் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு மூலையில் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டில் கழுத்து உடைந்து கிடந்தது. பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும். அந்தச் சமன்பாட்டை நான் கரும்பலகையில் எழுதாத வருடம் இல்லை. ஆனால் அந்த மூட்டையையும் இந்த பாட்டிலையும் சேர்த்துப் பார்க்க வைத்தது அவர் குரல்தான். "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ள மாப் போட வேணாம். ஜன்னலை மட்டும் திறந்து வையுங்க" என்று வைத்துவிட்டார்.

டிவிஎஸ் எக்செல்லில் வந்தார். முன்னால் ஒரு மஞ்சள் பை.

பாட்டில்கள் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி பாட்டில்களில் பெரும்பாலானவை மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளே தண்ணீர் போகவில்லை. ஆனால் லேபிள்கள் ஊறிக் கழன்று போய்விட்டன. நிறம் உள்ளவற்றால் பிரச்சினை இல்லை. மயில்துத்தம், பொட்டாசியம் டைகுரோமேட் எல்லாம் பார்த்தாலே தெரியும். வெள்ளைப் பொடிகள்தான் வரிசையாக நின்று எங்களை முறைத்தன. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று நாங்கள் பேசி முடித்திருந்தோம்.

"எங்க கொட்டுவீங்க?" என்றார்.

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. வாய்க்காலில் கொட்டினால் அது எந்த ஆற்றுக்குப் போகும் என்பது கெமிக்கல் வாடையோடு வளர்ந்த கடலூர்க்காரர்களுக்குத் தெரியாதா? அந்த வெள்ளைப் பொடிகளில் ஒன்று பேரியம் குளோரைடாக இருக்கலாம், ஒன்று லெட் நைட்ரேட்டாக இருக்கலாம். இரண்டுமே விஷம். "என்னன்னு கண்டுபுடிச்சிட்டு முடிவு பண்ணலாமே. நீங்க எல்லாம் வாத்தியாருங்கதானே?" என்று சிரிக்காமல் சொன்னார்.

வேதியியல் செய்முறைத் தேர்வு பற்றி வெளியே பேசாத உண்மை ஒன்று எங்களுக்குள் உண்டு. உப்புப் பகுப்பாய்வு, அதாவது கையில் கொடுத்த உப்பு எது என்று சோதித்துக் கண்டுபிடிப்பது, மாநிலப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது, புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மாறிப் போயிருக்கும் சிபிஎஸ்இ-யிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 'தெரியாத உப்பு' என்று ஒன்றைத் தருகிறோம். அது தெரியாத உப்பே அல்ல. எங்களுக்குத் தெரியும். பாதிப் பிள்ளைகளுக்கும் தொட்டுப் பார்த்தவுடனே தெரியும். விடையை முதலில் வைத்துக்கொண்டு சோதனைகளைப் பின்னால் எழுதுகிற சடங்குதான் அது. இத்தனை வருட அனுபவத்தில், விடை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத அறையில் உப்புப் பகுப்பாய்வு செய்தது அன்றுதான்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் எண் ஒட்டினோம். ஒரு பொடியில் நீர்த்த அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. சுடரில் காட்டினால் பொன்மஞ்சள், அது சோடியத்தின் நிறம். சோடியம் கார்பனேட் என்றார் பாகூர் சார். பைகார்பனேட்டாகவும் இருக்கலாமே என்றேன் நான். இருவரும் குரலை உயர்த்திக்கொண்டோம். ஐயா குறுக்கே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா சூடு பண்ணித்தான் பாருங்களேன்" என்றார். உலர்ந்த குழாயில் போட்டுச் சூடாக்கினோம். குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளிகள் கோத்தன, வந்த வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல ஆக்கியது. பைகார்பனேட்தான். சோடியம் கார்பனேட் அந்தச் சூட்டுக்கெல்லாம் வாயு விடாது. புத்தகத்தில் இது ஒரு வரி. அந்த வரியை நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு அதுவரை வந்ததே இல்லை.

இன்னொன்று எங்களை மாலைவரை இழுத்தடித்தது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் கூழ்போல வெள்ளை வீழ்படிவு வந்தது, இன்னும் கொஞ்சம் விட்டால் கரைந்தது. அலுமினியமா துத்தநாகமா? அம்மோனியா கரைசலை விட்டுப் பார்த்தோம். கூடுதலாக விட்டும் கரையவில்லை. துத்தநாகம் என்றால் கரைந்திருக்கும். ஆக அலுமினியம். சல்பேட் சோதனையும் சரியாக வந்தது. அப்படியானால் இது படிகாரமோ? படிகாரம் என்றால் பொட்டாசியமும் இருக்க வேண்டுமே, சுடரில் இளம் ஊதா தெரிய வேண்டுமே. எத்தனை முறை பார்த்தாலும் மஞ்சள்தான். எங்கள் விரல் வியர்வையிலும், கழுவிய தண்ணீரிலும், எங்கும் சோடியம். அதன் மஞ்சள் மற்ற நிறத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

அப்போதுதான் மஞ்சள் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தார். உள்ளங்கை அளவுக்கு ஒரு நீலக் கண்ணாடி. கோபால்ட் கண்ணாடி. வேலையில் சேர்ந்த புதிதில் சொந்தக் காசில் வாங்கியதாம், அதனால் ஓய்வு பெற்ற அன்று யாரும் கணக்குக் கேட்கவில்லையாம். அது சோடியத்தின் மஞ்சளை உறிஞ்சிக்கொள்ளும். அதன் வழியே பார்த்தோம். செந்நிறம் கலந்த ஊதா ஒரு நொடி எழுந்து மறைந்தது. பொட்டாசியம். படிகாரம். ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி வாங்கிப் பார்த்தோம், எனக்கு இன்னொரு தடவை எனக்கு இன்னொரு தடவை என்று. எம்எஸ்சி, எம்எட், எம்ஃபில் எல்லாம் அந்த வரிசையில்தான் நின்றன.

கிளம்பும்போது அந்தக் கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டு, "வீட்ல இருந்து அது என்ன பண்ணப் போகுது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

எல்லா பாட்டிலுக்கும் விடை கிடைக்கவில்லை. கிடைக்காதவற்றை ஒரு தனி வாளியில் மணல் போட்டு நிறுத்தி, 'தெரியாது, தொடாதே' என்று அவரே எழுதி ஒட்டினார். முறைப்படி அழிப்பவர்களிடம் ஒப்படைக்கும்வரை அவை அங்கேயே இருக்கும். கிட்டத்தட்ட சரி என்று தோன்றிய ஒன்றை லேபிள் எழுதி மேலே வைக்கலாமா என்று கேட்டேன். "கிட்டத்தட்டன்னு எந்த லேபிள்லயும் எழுத முடியாது டீச்சர்."

பணியிடைப் பயிற்சி என்றால் எங்களுக்கு ஒரு முகபாவம் உண்டு. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய வருடமே நிஷ்தா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம் வந்துவிட்டது. சிஆர்சி, பிஆர்சி எனும் குறுவள, வட்டார வள மையக் கூட்டங்கள், ஆன்லைன் காணொளி, முடிந்ததும் கூகுள் ஃபார்ம், சான்றிதழ். எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். மும்பையில் 1974 முதல் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்துக்கு எங்களில் ஒருவர் போய்வந்த பிறகு அவருடைய கேள்வித்தாளே மாறிவிட்டது, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2022-ல் தமிழக அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல் செய்முறைத் திட்டத்தில் கருத்தாளர் பள்ளிக்கு வந்து செய்து காட்டிய சோதனையை ஆறாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் போய்ச் செய்கிறது. கை வேலை செய்கிற பயிற்சி நிற்கிறது, ஸ்லைடு ஓடுகிற பயிற்சி மதியச் சாப்பாட்டோடு செரித்துவிடுகிறது என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வர நண்பர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

ஆனால் இன்று வரை என் மண்டையில் உறைக்காத ஒன்று இருந்தது. நான் போன எந்தப் பயிற்சியிலும் ஒரு ஆய்வக உதவியாளரைப் பார்த்ததில்லை. சோடியம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர், எந்த பாட்டிலின் மூடி இறுகும், எந்த பர்னரில் சுடர் உள்ளே இறங்கி எரியும் என்று தெரிந்தவர் அவர்தான். பயிற்சிக்கு அழைப்பு வருவதென்னவோ எனக்கு. நான் ஆன்-டியூட்டியில் போய்க் கையெழுத்துப் போட்டுக் கற்றுக்கொண்டு வருகிற நாளில் அவர் பள்ளியில் டியூப் கழுவிக்கொண்டிருப்பார். அரசு எப்போது மாற்றும் என்பது என் கையில் இல்லை. எங்கள் வட்டம் எங்கள் கையில் இருக்கிறது. இனி எந்தச் சனிக்கிழமைக் கூடுகையானாலும், வருகிற ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியரும் தம் பள்ளி ஆய்வக உதவியாளரையும் கூட்டி வர வேண்டும். அவருக்குப் பஸ் காசு வட்டத்தின் செலவு. பேசவும் அவருக்கு நேரம் உண்டு. இதை இன்று பாயில் உட்கார்ந்து எல்லாரும் கை தூக்கி ஏற்றுக்கொண்டோம். ஆய்வக உதவியாளர் பணியிடமே காலியாகக் கிடக்கிற பள்ளிகளில் இருந்து வருகிறவர்கள் மட்டும் தனியாக வரலாம், அவர்கள் பாடு ஏற்கெனவே பெரும்பாடு.

உங்கள் பள்ளியிலும் லேபிள் போன பாட்டில்கள் நின்றால் கொட்டிவிடாதீர்கள். எண் ஒட்டி வையுங்கள், மூடியைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள், பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டும் வராதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். ஐயாவும் எக்செல்லுக்கு பெட்ரோல் போட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் அவருக்கு ஒரு சால்வையும் கேடயமும் கொடுப்பதாக முடிவெடுத்துக் கேட்டோம். அதெல்லாம் வேண்டாம், ஸ்பிரிட் விளக்குக்குத் திரி சரியில்லை, அதை வாங்கிப் போடுங்கள் என்றார். ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறோம் ஐயா.

அன்புடன்,
அறைச் சாவி வைத்திருக்கும் கெமிஸ்ட்ரி டீச்சர்,
கடலூர்