‘ரன்’ வந்தாலே ‘ஓடு’ போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் செய்திகளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்கல் நடக்கிறது. ‘ரன்’ என்கிற சின்ன வினைச்சொல்தான் அந்த இடம். ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’, ‘வங்கி ஓட்டம்’, ‘ஓடும் மூன்றாவது நாளாகப் பங்குச்சந்தை சரிவு’ என்றெல்லாம் வரிகள் வந்தால் வாசகர் செய்தியை விட்டுவிட்டுச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கணினி தரும் மொழிபெயர்ப்பை முதல் படியாக வைத்துத் திருத்தும் வழக்கம் பெருகிவிட்ட இந்த நேரத்தில், மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். தங்கள் செய்திப் பிரிவுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

சொல்லின் அகலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்கு இருந்தது, 430 பொருள்கள். அடுத்த பதிப்புக்காக ‘ரன்’ பதிவைப் புதிதாக எழுதியபோது வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் தேறியதாக 2011இல் செய்தி வந்தது. ஆலை, என்ஜின், ரயில், மோட்டார், கணினி நிரல் என்று புதிதாக எது வந்தாலும் ஆங்கிலம் அதை ‘ரன்’னோடு சேர்த்துக்கொண்டது இதற்கு ஒரு காரணம்.

ஆனால் தமிழாக்கத்தில் வரும் குழப்பத்தின் வேர் அதைவிடப் பழையது. பழைய ஆங்கிலத்தில் ஒன்று தானாக ஓடுவதற்கு ஒரு வினையும், அதை ஓடவைப்பதற்கு இன்னொரு வினையும் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவமாகிவிட்டன. நம்மிடம் அந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு, மாறு – மாற்று போல ஓடு – ஓட்டு. ஒரு டகரம் இரட்டிப்பதில் யார் செய்கிறார், யார் செய்விக்கிறார் என்பது தெளிந்துவிடும். ஆகவே ஆங்கில வரியில் ‘ரன்’ வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது ஓடுகிறதா, யாராவது ஓட்டுகிறார்களா என்பதுதான். ‘ஷீ ரன்ஸ்’ என்றால் அந்தப் பெண் ஓடுகிறார். ‘ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் பள்ளிக்கூடம் நடத்துகிறார். பின்னால் செயப்படுபொருள் வந்துவிட்டால் ‘ஓடு’ அநேகமாகத் தவறாகவே இருக்கும்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது: எது ஓடுகிறது? தமிழில் எந்த வினை வரவேண்டும் என்பதைப் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் காய்ச்சலுக்கும் மூக்குக்கும் சாயத்துக்கும் ‘ரன்’ ஒன்றே போதும். நமக்குக் காய்ச்சல் அடிக்கும், மூக்கு ஒழுகும், துவைத்தால் சாயம் போகும். பள்ளியை நடத்துவார்கள், குழாயைத் திறந்துவிடுவார்கள், கட்டுரையை வெளியிடுவார்கள், சோதனை செய்வார்கள், பேருந்து விடுவார்கள். ஒரு நோய் குடும்பத்தில் ‘ரன்’ ஆனால் அது பரம்பரையாக வருகிறது. குத்தகை மூன்று ஆண்டு ‘ரன்’ ஆனால் குத்தகைக் காலம் மூன்று ஆண்டு, அவ்வளவுதான், வினையே வேண்டாம். ‘மூன்று நாள் ரன்னிங்’ என்று வந்தால் தொடர்ந்து மூன்றாவது நாளாக. கணினி மொழிபெயர்ப்பு இந்த ‘ரன்னிங்’கில் எளிதில் தடுக்கிவிழும், ஏனென்றால் அது பெயருக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறது, பார்க்க வினை போலத் தெரிந்தாலும் அங்கே வினை இல்லை.

தவறினால் செய்தியின் பொருளே மாறிவிடும் இடங்கள் உண்டு. நீதிமன்றச் செய்தியில் தண்டனைகள் ‘கன்கரன்ட்லி’ ரன் ஆகும், அல்லது ‘கான்செக்யூட்டிவ்லி’ ரன் ஆகும் என்று தீர்ப்பில் இருக்கும். ஒருவருக்கு ஒரு குற்றத்துக்கு 3 ஆண்டும் மற்றொன்றுக்கு 5 ஆண்டும் விதிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் வகையில் இரண்டும் ஒரே நாளில் தொடங்கிச் சேர்ந்தே கழியும். அவர் சிறையில் இருக்கப்போவது 5 ஆண்டு. இரண்டாவது வகையில் ஒன்று முடிந்த பிறகே மற்றது தொடங்கும். மொத்தம் 8 ஆண்டு. ‘தண்டனைகள் தொடர்ச்சியாக ஓடும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எந்த வகை என்று வாசகருக்குத் தெரியாது. அதைவிடக் கெடுதல், முதல் வகைத் தண்டனைக்கும் 3ஐயும் 5ஐயும் கூட்டி ‘8 ஆண்டு சிறை’ என்று தலைப்புப் போடுவது. ‘ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று பத்திரிகைகளில் நெடுநாளாக இருக்கும் தொடர் துல்லியமானது; அதை விட்டுவிடக் கூடாது. மற்றதற்கு ‘ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதலாம். எத்தனை ஆண்டு சிறை என்பதையும் அடுத்த வரியில் எண்ணாகவே கொடுத்துவிட்டால் சந்தேகமே வராது.

வங்கிச் செய்தியும் அப்படித்தான். 2023 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வைப்புதாரர்கள் முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் ‘பேங்க் ரன்’. இதை ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதினால் வங்கி நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாகவே நம் வாசகர் எடுத்துக்கொள்வார். கடை நன்றாக ஓடுகிறது என்று சொல்லிப் பழகிய காது அது. ‘போட்ட பணத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்கத் திரண்டனர்’ என்று நாலு சொல் கூடினாலும் பரவாயில்லை, விஷயம் போய்ச் சேரும்.

தேர்தல் செய்தியில் வேட்பாளர் அமெரிக்காவில் ‘ரன்’ செய்வார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்வார். நம்மூரில் நிற்கிறார்: ‘இந்தத் தடவை யாரு நிக்கிறா?’ என்றுதான் ஊரே கேட்கும். எழுத்தில் ‘போட்டியிடுகிறார்’. அமெரிக்காவில் ‘ரன்னிங் மேட்’ என்பவர் துணை அதிபர் வேட்பாளர். 2020இல் ஜோ பைடனுக்குக் கமலா ஹாரிஸ் இருந்தாரே, அது. ‘ரன்-ஆஃப்’ என்பது இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு. பிரான்சின் அதிபர் தேர்தலில் 2022 ஏப்ரல் 10இல் நடந்த முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் முதல் இருவர் மட்டும் ஏப்ரல் 24இல் மோதினார்கள். இதே ‘ரன்-ஆஃப்’ மழைச் செய்தியில் வந்தால் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடும் நீர். பக்கம் பார்த்துத்தான் பொருள் பார்க்க வேண்டும்.

ஒட்டி வரும் சின்னச் சொற்களுக்குத் தனிக் கவனம் தேவை. ‘ரன் டவுன்’ மின்கலத்துக்கு வந்தால் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கட்டடத்துக்கு வந்தால் பாழடைந்து கிடக்கிறது. ஆளைப் பற்றிப் பேசும்போது வந்தால் மட்டம் தட்டுவது, சில சமயம் வாகனத்தால் மோதித் தள்ளுவது. ‘ரன் ஓவர்’ விபத்துச் செய்தியில் லாரி ஏறி இறந்தார். கூட்டச் செய்தியில் குறித்த நேரத்தைத் தாண்டியது. ‘ரன் அவுட்’ கிரிக்கெட்டில் ரன் அவுட்டேதான். மருந்துக்கோ பெட்ரோலுக்கோ வந்தால் தீர்ந்துபோனது. தேர்தலின் ‘ரன்-அப்’ என்றால் தேர்தல் நெருங்கும் நாட்கள், பந்துவீச்சாளரின் ‘ரன்-அப்’ வேறு. கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை: இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன, இங்கே ‘ரன்’. இரண்டும் அந்தந்த ஊரில் வேரூன்றியவை. ஒன்றை மற்றதால் திருத்தப் போக வேண்டாம். கட்டட வேலைக்காரர்கள் சுற்றுச்சுவரை ‘ரன்னிங் ஃபீட்’ கணக்கில் பேசுவதும் அப்படியே இருக்கட்டும். அது நீள அளவு. அதைச் சதுர அடி என்று மாற்றினால் கூலிக் கணக்கே தப்பாகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘ஓடு’ என்ற சொல்லையே கண்டு அஞ்சும் நிலைக்கும் போய்விடக் கூடாது. இந்தத் தவறும் இப்போது அதிகம். ஆறு ஓடுகிறது, உடலில் ரத்தம் ஓடுகிறது, கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, சுவரில் கடிகாரம் ஓடுகிறது. கிணற்றடியில் மோட்டார் ஓடுகிறது. ‘மோட்டார் இயங்குகிறது’ என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. திரைகடல் ஓடித் திரவியம் தேடியவர்களின் மொழி இது. கப்பலை ‘இயக்கப்படுகிறது’ ஆக்க வேண்டிய அவசியமில்லை. படம் 100 நாள் ஓடியது என்பதில் தமிழும் ஆங்கிலமும் தோளோடு தோள் நிற்கின்றன. வயிற்றுப்போக்கை இலங்கையில் ‘வயிற்றோட்டம்’ என்பார்கள். ஆங்கிலப் பேச்சு வழக்கும் அதை ‘ரன்ஸ்’ என்றே சொல்வதைப் பார்த்தால், இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்திருப்பது தெரிகிறது. நம்மிடம் மட்டும் இருப்பதும் உண்டு. ‘கையும் ஓடல, காலும் ஓடல’ என்பதை ஆங்கிலத்தில் ‘ரன்’ கொண்டு சொல்லவே முடியாது.

‘சிறப்பு ரயில்கள் இயக்கப்படும்’ என்ற வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிவிப்பில் அப்படி வருகிறது, நாமும் அப்படியே போட்டுவிடுகிறோம். ‘விடப்படும்’ என்பதே பழகிய சொல். ‘தீபாவளிக்கு ஸ்பெஷல் பஸ் விடுறாங்க’ என்று தெருவில் பேசுவதை அச்சில் மறைப்பானேன்? தாமதச் செய்தியிலோ ‘ரயில்கள் தாமதமாக ஓடுகின்றன’ என்றால் போதும். ‘தாமதமாக இயக்கப்படுகின்றன’ என்றால் யாரோ வேண்டுமென்றே தாமதப்படுத்துவது போல ஒலிக்கிறது.

செய்திப் பிரிவில் இதற்கு அதிக நேரம் ஆகாது. பக்கம் அச்சுக்குப் போகுமுன் கோப்பில் ‘ஓடு’, ‘ஓட்ட’, ‘இயக்க’, ‘இயங்கு’ என்ற நான்கையும் தேடல் பெட்டியில் போட்டுப் பார்க்கலாம். ‘ஓட்ட’ என்று தேடினால் ‘ஓட்டப்பந்தயம்’, ‘ஓட்டல்’ போன்றவையும் வந்து நிற்கும். அவற்றைத் தாண்டிப் போகலாம். மற்ற ஒவ்வொன்றிலும் எழுவாயைப் பார்த்து, அதே சேதியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்வதானால் எப்படிச் சொல்வோம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். வாயில் வராத வினை பக்கத்திலும் வரக் கூடாது. சந்தேகம் என்றால் ஆங்கில மூலத்தைத் திறந்து, ‘ரன்’னுக்குப் பின்னால் என்ன சொல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காமல் தமிழ் வரியை மட்டும் செப்பனிட்டால், ‘வங்கி ஓட்டம்’ என்பது ‘வங்கிச் செயல்பாடு’ ஆகிவிடும். முதல் தவறாவது வாசகருக்கு உறுத்தும், இரண்டாவது உறுத்தாமலே பொய் சொல்லிவிடும்.

தங்கள் நாளிதழின் மொழிநடைக் கையேட்டில் இந்த ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நீதிமன்றம், வங்கி, தேர்தல் ஆகிய மூன்றுக்கும் மேலே சொன்ன தொடர்களை முதலில் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்