நித்யாவுக்கு, ஃபின் வாங்குவதற்கு முன்

செம்பூர், மும்பை

அன்புள்ள நித்யா,

கடலுக்கடியில் நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு, அதுதான் ஃபின், வாங்கப்போவதாக நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். அந்த நீளமான கறுப்பு ஃபின் வேண்டாம்மா. அது மூச்சை அடக்கிக்கொண்டு ஆழம் போகிறவர்களுக்கானது. நீயோ முதுகில் சிலிண்டரோடு ஒரே பவளப்பாறையின் முன்னால் கால் மணி நேரம் நின்று படம் எடுக்கிறவள். உனக்கு எதற்கு அவ்வளவு வேகம்?

எப்படி உதைக்கிறாய் என்பதுதான் முதல் கேள்வி. நீச்சல்குளத்தில் பழகியபடி காலை மேலும் கீழும் அடித்தால், தள்ளப்படும் தண்ணீர் அடிமணலில் மோதிப் புழுதி கிளப்பும். உன் படமும் கெடும், பின்னால் வருகிறவருக்கும் கண் தெரியாது. துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் பார்க்கும் வேலையில் இத்தனை வருஷம் இருந்ததால் சொல்கிறேன், கலங்கின தண்ணீரில் நீட்டிய கைகூடத் தெரியாது. அதனால் தவளை உதை பழகு. முழங்காலை மடக்கி, பாதங்களை இரு பக்கமும் விரித்து, பிறகு சேர்த்துத் தள்ளு. தண்ணீர் பின்பக்கமாகப் போய்விடும். நீருக்கடியில் குகைகளுக்குள் போகிறவர்கள் உதைப்பது இப்படித்தான். இதையே திருப்பிப் போட்டால் பாறையை இடிக்காமல் பின்னால் நகரலாம். படம் எடுக்கிறவளுக்கு இது பெரிய வசதி.

இதற்குக் குட்டையான, அகலமான, ஓரளவு விறைப்பான பிளேடு, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதி, வேண்டும். ரொம்ப விறைப்பாக இருந்தால் உனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், ஏற்கெனவே அந்தத் தொந்தரவு உண்டே. நடுவில் பிளந்த ஃபின் முழங்காலுக்கு இதமானதுதான், ஆனால் பின்னால் நகர உதவாது.

1960-களில் வந்த கனமான ரப்பர் ஃபின் இன்றும் விற்கிறது. எனக்கு அதன் மேல் தனி மரியாதை. ஆனாலும் உனக்கு அது சரிப்படாது. குளிர்க்கடலில் காற்று அடைத்த உடையோடு இறங்குகிறவர்களுக்குக் கால் மேலே மிதக்கும், அதைக் கீழே பிடித்து வைக்க அந்தக் கனம் தேவை. நேத்ராணித் தீவிலும் அந்தமானிலும் நீ போடுவது மெல்லிய உடை. கனமான ஃபின் மாட்டினால் கால் தொங்கிவிடும், உடம்பு சாய்ந்து பாறையில் உரசும். விமானத்தில் 15 கிலோவுக்குள் எல்லாவற்றையும் அடக்குவதும் கஷ்டம். அதே வடிவத்தில் பிளாஸ்டிக் கலவையில் கிடைப்பதைப் பார்.

அப்புறம் குதிகால். படகிலிருந்தே குதிப்பதென்றால் வெறுங்காலில் மாட்டுவது போதும். கரையிலிருந்து கல்லும் பவளத்துண்டும் மிதித்து இறங்க வேண்டியிருந்தால் காலுக்கு பூட்ஸும், பின்னால் பட்டை வைத்த ஃபின்னும் வேண்டும். பட்டை ஸ்பிரிங்காக இருக்கட்டும், ரப்பர் நாளடைவில் வெடித்து அறுந்துவிடும். பூட்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்கு. விரல்கள் அசைய வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது.

எதையும் உடனே வாங்காதே. நேத்ராணிக்குப் படகு ஏற முருடேஸ்வரம் போகும்போது இந்த வகையை வாடகைக்கு எடுத்து இறங்கிப் பார். நீ உதைப்பதைப் பக்கவாட்டிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. முழங்கால் கீழே இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு வாங்கலாம்.

அன்புடன்,
அப்பா