அந்தக் குரல்களைத் தேடி எடுங்கள்: பிபிசி ஒலிக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிபிசி ஒலிக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பழைய நகைச்சுவை நிகழ்ச்சிகளைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிற ஒரு தமிழ் நேயர் எழுதுகிறேன்.

போன வாரம் 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' தொடரில் 1958இல் வந்த 'சண்டே ஆஃப்டர்நூன் அட் ஹோம்' நிகழ்ச்சியை மறுபடி கேட்டேன். மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருப்பவர்களுக்குப் பொழுது போகவில்லை. கதை அவ்வளவுதான். தொடரின் நாயகன் டோனி ஹான்காக் பெருமூச்சு விடுகிறார். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வானொலி அப்படி அடங்கிப்போனால் பெட்டி பழுதாகிவிட்டது என்று எழுந்துபோய்த் தட்டிப் பார்ப்போம். இங்கே அந்த அமைதி நீள நீள அரங்கம் சிரிக்கிறது. ரே கால்ட்டனும் ஆலன் சிம்ப்சனும் எழுதிய தாளை எத்தனை முறை படித்தாலும் அந்தச் சிரிப்பு கிடைக்காது.

எழுத்துப் பிரதிகளை நீங்கள் நன்றாகவே பாதுகாத்திருக்கிறீர்கள். என் கவலை ஒலியைப் பற்றியது. 1945 ஜூலை 29இல் உங்கள் கேளிக்கை வானொலியான லைட் புரோகிராம் தொடங்கியது. பிரிட்டனில் போர்க்கால ரேஷன் முழுதாக நீங்க 1954 ஆயிற்று. அந்த நெருக்கடியில் ஜனங்களைச் சிரிக்க வைத்த நிகழ்ச்சிகளில் பல, ஒருமுறை காற்றில் போனதோடு சரி. 1951இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் 'கூன் ஷோ'வின் ஆரம்ப வருடங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. பிந்தியவற்றில் பல, வெளிநாட்டு நிலையங்களுக்காக உங்கள் டிரான்ஸ்கிரிப்ஷன் சர்வீஸ் போட்ட இசைத்தட்டுகளால் பிழைத்தன. அவற்றிலும் வெட்டு உண்டு.

குரல் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 1949இல் உங்கள் கேளிக்கை நிகழ்ச்சிகளைச் செய்த வெரைட்டி பிரிவுக்கென்று 'பச்சைப் புத்தகம்' என்ற விதிக் கையேடு இருந்தது. கழிப்பறை, தேனிலவுத் தம்பதி, பெண்களின் உள்ளாடை, பெண்மை கலந்த ஆண்கள் எதை வைத்தும் ஜோக் கூடாது என்றது. 1965இல் 'ரவுண்ட் தி ஹார்ன்' என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. பிரிட்டனில் ஆண்களின் ஒருபால் உறவு அப்போதும் குற்றம்தான். இருந்தும் அதில் கென்னத் வில்லியம்ஸ் சாண்டியாகவும் ஹியூ பேடிக் ஜூலியனாகவும், ஒருபால் நாட்டமுள்ள இரு நண்பர்களாகப் பேசினார்கள். சொல் சாதாரணமாக இருக்கும், இழுத்துச் சொல்கிற விதத்தில் எல்லாம் புரிந்துவிடும். அந்த இழுப்பைத் தாளில் எப்படி எழுதுவது?

தொலைந்த ஹான்காக் நிகழ்ச்சிகளை 2014 முதல் வேறு நடிகர்களை வைத்து மறுபடி செய்தீர்கள். கெவின் மெக்னலி அருமையாக நடித்தார், மனதார நன்றி. ஆனால் 2022இல், 1955இன் 'தி மேரேஜ் பியூரோ' ஒரு நேயர் வீட்டில் பதிந்து வைத்த நாடாவிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் வேறு.

அப்படிப் பதிந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பரணைக் காலி செய்யும்போது நாடாக்கள் குப்பைக்குத்தான் போகும். ஆகவே கேட்கிறேன்: வீட்டில் பதிந்தவர்கள் மேல் எந்த நடவடிக்கையும் இருக்காது என்று வானொலியிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். டிரான்ஸ்கிரிப்ஷன் சர்வீஸ் தட்டுகளை வாங்கிய வெளிநாட்டு நிலையங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதி, அலமாரியைப் பார்க்கச் சொல்லுங்கள். நாடா அனுப்ப ஒரு முகவரி கொடுங்கள். அதை இந்த வருடமே செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு நேயர்