கூட்டமாய் நிற்பவர்களுக்கும் பெயர் இருந்தது

பண்டைய உலகத்தைப் படமாக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

எகிப்தையும் கிரேக்கத்தையும் ரோமையும் திரையில் எழுப்ப எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதை அறிவேன். அந்தப் படங்களை முதல் நாளே போய்ப் பார்க்கும் ரசிகர்களில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்கள் படங்களில் அரசனுக்கு முகம் இருக்கிறது, தளபதிக்கு முகம் இருக்கிறது. மற்ற எல்லோரும் வெறும் கூட்டம். கல் இழுக்கிறார்கள், கூச்சலிடுகிறார்கள், சாகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் பெயரையும் கோபத்தையும் எழுத்தில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். உங்கள் கதைகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

பிரமிடு கட்டும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொளுத்தும் வெயில், கயிறு இழுக்கும் அடிமைகள், முதுகில் விழும் சாட்டை. கீசாவில் அகழ்ந்தவர்கள் கண்டது வேறு. வேலையாட்கள் வாழ்ந்த ஊர் ஒன்று அங்கே இருந்தது. அதில் ரொட்டி சுட்ட கூடங்களும் ஆடுமாடுகளின் எலும்புகளும் கிடைத்தன. 1990-இல் அவர்களின் கல்லறைகள் வெளிப்பட்டபோது, உடைந்து, கட்டுப்போடப்பட்டு, நன்றாகக் கூடிய எலும்புகள் தெரியவந்தன. வேலை இடுப்பொடிக்கும் வேலைதான், அதையும் அந்த எலும்புகளே சொல்கின்றன. ஆனால் அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்த்து, இறந்தவனை மன்னனின் பிரமிடுக்கு அருகிலேயே புதைத்த சமூகம் அது. 2013-இல் செங்கடல் கரையில் உள்ள வாதி அல்-ஜர்ஃப் என்னும் இடத்தில் தொல்லியலாளர் பியர் தாலேயின் குழு பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. மெரெர் என்ற அலுவலர் தம் ஆட்களுடன் தூராவிலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கீசாவுக்குக் கொண்டுபோன கணக்கு அவற்றில் நாள்வாரியாக இருக்கிறது. பெரிய பிரமிடு எழுந்துகொண்டிருந்த காலத்தில், அந்த வேலையில் இருந்த ஒருவரின் நாட்குறிப்பு! இதைவிட நல்ல கதாநாயகனை எங்கே தேடுகிறீர்கள்?

என்னை மிகவும் ஈர்ப்பது டெய்ர் எல்-மதீனா. மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த கைவினைஞர்களின் ஊர் அது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வருகைப் பதிவேடு ஒன்று, கல்லின் மேல் எழுதப்பட்டது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அதில் குறித்திருக்கிறார்கள். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண்நோய். ஒருவர் பீர் காய்ச்சப் போய்விட்டார். இன்னொருவர் தாயின் உடலைப் பதப்படுத்தச் சென்றார். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் இதே ஊர்க்காரர்களுக்குக் கூலியாக வரவேண்டிய தானியம் வரவில்லை. கருவிகளைப் போட்டுவிட்டுக் காவல் மதில்களைத் தாண்டி வந்து, ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, உடை இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்கு எழுதுங்கள் என்றார்கள். நாம் அறிந்தவரையில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான். கடவுளாகக் கருதப்பட்ட அரசனிடம் கூலி கேட்டு உட்கார்ந்த மனிதர்கள்! இந்தக் காட்சிக்காக நான் எத்தனை போர்க்களக் காட்சிகளையும் விட்டுக்கொடுப்பேன்.

அடிமைத்தனத்தை மறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சாட்டையை நீங்கள் தவறான இடத்தில் காட்டுகிறீர்கள் என்பதே என் வருத்தம். உங்கள் படங்களில் போர்க்கப்பலில் சங்கிலியிட்ட அடிமைகள் துடுப்புப் போடுகிறார்கள். ஆனால் 170 துடுப்புகள் கொண்ட ஏதென்ஸ் கப்பல்களில் பெரும்பாலும் ஏழைக் குடிமக்களும் கூலி பெற்ற சுதந்திர மனிதர்களுமே துடுப்புப் போட்டார்கள். மக்களாட்சியில் அவர்கள் குரல் ஓங்கியதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம். மாறாக, கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற ஏதென்ஸ் கப்பல்களைக் கட்டப் பணம் வந்தது லாரியன் வெள்ளிச் சுரங்கங்களிலிருந்து. அந்தச் சுரங்கங்களின் குறுகிய குடைவுகளில் உழைத்தவர்கள் அடிமைகள். அவர்களைத் திரையில் நான் பார்த்ததே இல்லை. ஸ்பார்ட்டாவின் வீரர்கள் சுதந்திரத்தைப் பற்றி முழங்குகிறார்கள். அவர்களுக்குச் சோறு போட நிலத்தில் உழைத்த ஹெலாட்டுகள் என்னும் அடிமைக் குடிகளைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லை. இது கற்பனைச் சுதந்திரம் ஆகாது. உழைத்தவர்களைக் கதையிலிருந்தே நீக்குவது இது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனத்தோலியாவின் (இன்றைய துருக்கி) பழைய வணிக நகரான கானெஷில் 20,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றில் ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் அசூர் (இன்றைய ஈராக்கில் உள்ளது) நகரப் பெண்கள் எழுதிய கடிதங்களும் உண்டு. துணி நெய்து கழுதைகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதற்கான வெள்ளி எங்கே என்று தொலைதூரத்தில் இருக்கும் கணவரிடம் கண்டிப்பாகக் கேட்கிறார்கள். உங்கள் படங்களிலோ பெண் என்றால் அரசி, இல்லாவிட்டால் நடனமாடுபவள்.

எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. ரோமானியக் காலத் துறைமுகத்தைக் காட்டும்போது அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டாமா?

பழைய ஓவியங்களையும் பழைய படங்களையும் பார்த்தே புதிய படங்கள் எடுக்கப்படுவதுதான் சிக்கலின் வேர் என்று கருதுகிறேன். ரோமானிய அரங்கில் தோற்ற வீரனுக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டினால் மரணம் என்ற காட்சியைப் பரப்பியது பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் 1872-இல் முடித்த ஓவியம். 'கிளாடியேட்டர்' படத்தை இயக்க ரிட்லி ஸ்காட்டை இழுத்ததும் அதே ஓவியம்தான். பளீரென்ற வெள்ளைச் சிலைகளும் அப்படித்தான்: கிரேக்க, ரோமானியச் சிலைகளில் வண்ணம் தீட்டியிருந்ததற்கான தடயங்கள் இன்றும் இருக்கின்றன, திரையில் மட்டும் அவை வெளுத்தே நிற்கின்றன.

இரண்டு மணி நேரக் கதைக்கு நாடகம் வேண்டும், சுருக்க வேண்டும், சிலவற்றைக் கற்பனை செய்ய வேண்டும். பாடநூலை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க மாட்டார்கள். நான் கேட்பது இவ்வளவுதான். வரலாற்றறிஞரை உடையலங்காரம் முடிந்தபின் சரிபார்க்க அழைக்காதீர்கள், கதை பேசும் முதல் நாளிலேயே அழையுங்கள். கல் இழுப்பவனுக்கும் துணி நெய்பவளுக்கும் ஒரு பெயரும், தமக்கென்று ஒரு விருப்பமும், அதைச் சொல்ல நான்கு வரி வசனமும் கொடுங்கள். அந்த வேலைநிறுத்தத்தைப் பதிவுசெய்த பாப்பிரஸ் இத்தாலியின் துரின் நகர எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. அடுத்த திரைக்கதையைத் தொடங்கும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் படங்களைத் தவறவிடாத ஒரு ரசிகை