தொடர்ச்சியைத் தள்ளி வைத்த வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

வாசகர் வட்டத்துத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், மாதத்தின் மூன்றாம் ஞாயிறு தவறாமல் வந்துவிடும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் நான் கடைசி வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் இருந்தேன். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் மாதத்துக்கு ஒன்றாகப் படித்து முடித்திருந்தோம். ஆறாவது மாதத்துக்கு, கல்கி நிறுத்திய இடத்திலிருந்து இன்னொருவர் எழுதிக்கொண்டு போன நாவலை நீங்களே பட்டியலில் போட்டிருந்தீர்கள். பேச்சு ஆரம்பித்துக் கால்மணி நேரம் ஆகவில்லை, டீ கொண்டுவந்த பையன் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே அவ்வளவு சத்தம். முடிவில், “இனிமேல் எந்தத் தொடர்ச்சி நாவலும் வட்டத்தில் எடுப்பதில்லை, சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்” என்றீர்கள். பதினொரு கை. அந்தத் தடை வேண்டாம் என்று ஆறு கை. நான் இரண்டு முறையும் தூக்கவில்லை. அன்றைக்கு வாயில் வராததை இப்போது எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த நாவல் பிடிக்காது. இரண்டு தடவை படித்தும் பிடிக்கவில்லை. நாவலின் பெயரையோ எழுதியவர் பெயரையோ இங்கே போடப் போவதில்லை. பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சி எழுதியவர் ஒருவர் மட்டுமில்லை, நான் சொல்ல வந்தது அவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருபத்தேழு வருஷம் வாடகை நூலகம் நடத்தினேன். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, ஒரு வாரம் கெடு. 2009-ல் ஷட்டரை இறக்கியபோது முக்கால்வாசிப் புத்தகங்களை எடைக்குப் போட்டேன். சிலதுக்கு மனசு வரவில்லை. நம்பர் 1146 அதில் ஒன்று. நீங்கள் தள்ளி வைத்தீர்களே, அதே நாவல். பழுப்புக் காலிகோ பைண்டிங், முதுகில் என் கையெழுத்தில் நம்பர். இந்தப் பிரதி என்னிடம் தங்கியதற்குக் காரணம் கதை இல்லை. அதன் ஓரங்களில் இருக்கும் சண்டை.

38-ம் பக்கத்தைப் பாருங்கள். யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்: “வந்தியத்தேவன் இன்னும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.” அதன் கீழே பச்சை மையில் வேறொரு கை: “பொறுப்பு வந்துருச்சு. நீங்க ஆபீசர் ஆனப்புறம் சிரிச்சீங்களா?” அதற்கும் கீழே, அழகான உருண்டைக் கையெழுத்தில்: “நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்கள்.” இதையும் நூலகப் புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர் வட்டத்தில் இருக்கிறார், அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்த மூன்று வரியில் உள்ள சண்டைதான் போன மாதம் உங்கள் கூட்டத்திலும் நடந்தது. ஒருவருக்கு வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வந்த பையன். அந்தப் பையன் அந்தக் குதிரையிலேயே, அந்த வயசிலேயே இருக்க வேண்டும். இன்னொருவருக்கு அவன் வளர வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும், தலை நரைக்க வேண்டும். தொடர்ச்சி எழுதுகிறவர் இரண்டாவது வாசகருக்குத்தான் எழுத முடியும். முதல் வாசகரைத் திருப்தி செய்ய ஒரே வழி, எழுதாமல் இருப்பது.

இன்னொரு பக்கம். ராஜராஜனாகிவிட்ட அருள்மொழிவர்மனுக்குப் புதிதாக ஒரு தேவி வருகிற இடம். “வானதி பாவம்” என்று எழுதி இரண்டு கோடு. கீழே: “கல்வெட்டில் இருக்கு. ஆசிரியர் என்ன பண்ணுவார்?” அதற்குக் கீழே, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி: “கல்வெட்டுல இருக்கறதை எல்லாம் கதையில போடணுமா?”

இந்தக் கேள்விக்கு உங்கள் கூட்டத்தில் யாருமே வரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனின் தேவியர் பலர் வருகிறார்கள். உலகமாதேவி, சோழமாதேவி, திரைலோக்கியமாதேவி, பஞ்சவன்மாதேவி. கடைசியில் சொன்ன பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீசுவரத்தில் பள்ளிப்படைக் கோயிலே, அதாவது சமாதிக் கோயிலே, எழுப்பினான் ராஜராஜன் மகன் ராஜேந்திரன். இதெல்லாம் கல்கிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் வானதியின் காதலை வைத்துக் கதையைக் கட்டினார், மற்றவர்கள் வருவதற்கு முன்பே திரையை இறக்கினார். காதல் கதைக்கு அது சரியான இடம். ஆனால் அந்த இடத்திலிருந்து எடுத்துப் போகிறவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரே ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டிருக்கும் அருள்மொழிவர்மனும் வேண்டும், கல்வெட்டும் வேண்டும் என்றால் பேனா எந்தப் பக்கம் சாயும்? எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஓரத்தில் ஒருவர் கோடு போடத்தான் செய்வார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகரம்’ முடிகிறபோது மகுடம், உத்தம சோழனாகிற சேந்தன் அமுதன் தலைக்குப் போய்விடுகிறது. ராஜராஜன் அரியணை ஏறுவது 985-ல்தான். நடுவில் பதினைந்து வருஷம் போல உத்தம சோழன் ஆட்சி. தொடர்ச்சி எழுதுகிறவர் கையில் இருப்பது, மகுடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு நாயகன். காத்திருக்கிறவனை வைத்து நானூறு பக்கம் எழுதிப் பாருங்கள். புதுச் சதி வேண்டும், புது ஒற்றன் வேண்டும், பாண்டியனுக்காகப் பழிவாங்கத் திரிந்த பழைய ஆபத்துதவிகள், அந்த ரவிதாசன் கூட்டம், மறுபடி முளைக்க வேண்டும். “ரவிதாசன் மறுபடியுமா!” என்று நம் செயலாளர் அம்மா அலுத்துக்கொண்டது நியாயம்தான். எனக்கும் அதே அலுப்பு. ஆனால் அலுப்பு வேறு, தடை வேறு.

மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். கையைத் தூக்கிய பதினொரு பேரில் அந்த நாவலைக் கடைசிவரை படித்தவர்கள் எத்தனை பேர்? “நான் படிக்கவில்லை, படிக்கவும் மாட்டேன், கல்கி எழுதியதே போதும்” என்று ஒரு அண்ணன் எழுந்து சொன்னபோது கைதட்டல் விழுந்தது. அந்தக் கைதட்டல்தான் எனக்கு உறுத்தியது. படிக்க மாட்டேன் என்பது அவர் இஷ்டம். படிக்காமல் மற்றவர்கள் படிப்பதற்கு வாக்குப் போடுவது எப்படி அவர் இஷ்டமாகும்? எதிர்த்துக் கை தூக்கிய ஆறு பேரையும் நான் மெச்சவில்லை. அவர்களில் மூன்று பேர் சொன்ன ஒரே காரணம், “அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுதுல்ல?” என்பது. அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வரலாற்றுப் புத்தகம் இருக்கிறதே அக்கா. நாவலை நாவலாகப் பேசியிருந்தால் இந்த வாக்கெடுப்பே வந்திருக்காது.

ஆனாலும் அந்த “அப்புறம்” என்ற சொல்லை நான் லேசாக நினைக்கவில்லை. 1950-லிருந்து மூன்றரை வருஷம் வாராவாரம் வந்த கதை அது. எங்கள் அப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்ட் பண்ணி வைத்திருப்பார்கள். என் நூலகத்துக்கே முதல் மூலதனம் அப்படி ஒரு பைண்டிங்தான். 1954-ல் கதை முடிந்தபோது, திடீரென்று நிறுத்திவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கியும் முடிவுரை எழுதி அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் அவர் போய்விட்டார். ஆக, தொடர்ச்சி வேண்டும் என்று முதலில் நச்சரித்தது நம்மைப் போன்ற வாசகர்கள்தான். கேட்டதை ஒருவர் எழுதிக் கொடுத்தால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். கல்கியே ‘பார்த்திபன் கனவு’ எழுதிவிட்டு அதற்கு முந்தைய தலைமுறைக் கதையை ‘சிவகாமியின் சபத’மாகப் பின்னால் எழுதியவர்தான். ஒரு கதையின் முன்னும் பின்னும் நீட்டுவது அவர் பேனாவுக்கு ஆகாத காரியம் இல்லை.

1146-ன் கடைசிப் பக்கத்தில், ‘முற்றும்’ என்பதற்குக் கீழே, பள்ளிப் பிள்ளை எழுத்து போல ஒன்று: “முடிஞ்சிருச்சா? அப்புறம்?” தொடர்ச்சிக்கும் தொடர்ச்சி கேட்கிறது அந்தக் குழந்தை.

இனி நம் ஊர் விஷயம். இதைக் கூட்டத்தில் ஒருவர்தான் தொட்டார், அவரையும் பேசவிடவில்லை. “நம்ம ஊர்க்காரனை வில்லனாக்கின கதைக்கு மதுரையில உட்கார்ந்துக்கிட்டு தொடர்ச்சி வேறயா” என்றார். சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. என் நூலகத்துக்குச் சோழவந்தானிலிருந்து சனிக்கிழமை தோறும் ஒரு வாத்தியார் பஸ் ஏறி வருவார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் ஊருக்குப் பழைய பெயர் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம் என்று. சோழாந்தகன், சோழனுக்கு எமன். சோழன் உவந்தான் என்பதுதான் சோழவந்தான் ஆயிற்று என்று அதே ஊரில் கதையும் சொல்வார்கள். பாண்டிய அரசன் வீரபாண்டியன் தன் கல்வெட்டுகளில் ‘சோழன் தலைகொண்ட’ என்று போட்டுக்கொண்டான். அவனை வென்ற ஆதித்த கரிகாலன், ராஜராஜனின் அண்ணன், ‘பாண்டியன் தலைகொண்ட’ என்று போட்டுக்கொண்டான். ஒரே பகைக்கு இரண்டு கல்வெட்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் இதை ஒரு மாதிரிப் படிப்பார், வைகைக்கரையில் உட்கார்ந்து படிக்கிறவர் வேறு மாதிரி. வாத்தியாருக்கு நாயகி ராஜராஜனின் அக்கா குந்தவை இல்லை, பாண்டியன் பக்கம் நிற்கும் நந்தினி. “அவ பக்கம் இருந்து ஒருத்தன் எழுதட்டும்யா, அதுதான் தொடர்ச்சி” என்பார்.

யோசித்துப் பாருங்கள். வரலாற்றுப்படி இந்தக் கதை முன்னால் போனால் எங்கே வந்து நிற்கும்? இந்த ஊரில்தான். ராஜராஜன் காலத்தில் பாண்டிய நாடு சோழ மண்டலங்களில் ஒன்றாகிறது. ராஜேந்திரன் மதுரையில் மாளிகை கட்டித் தன் மகனுக்குச் சோழபாண்டியன் என்று பட்டம் கொடுத்து உட்கார வைத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பாண்டியர்கள் ஈழத்து அரசனிடம் அடைக்கலமாக வைத்த சுந்தர முடியையும் இந்திரன் ஆரத்தையும் அவன் கொண்டுவந்ததை கல்வெட்டில் அவன் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்தியே பாடுகிறது. தஞ்சைக்கு அது வெற்றி. நமக்கு? தொடர்ச்சி நாவலை நம் ஊரில் எடுத்துப் பேச இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. வேறு எந்த ஊர் வாசகர் வட்டமும் கேட்காத கேள்வியை நாம் கேட்கலாம். அந்த வாய்ப்பைத்தான் பதினொரு கை சேர்ந்து மூடியிருக்கிறது.

கரிகாலனைக் கொன்றது யார் என்பதையும் விட்டுவிட்டோம். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லித் துரோகிகள் என்கிறது. கரிகாலன் விழுந்த அந்த இருட்டறையைக் கல்கி தெளிவாக விளக்கேற்றிக் காட்டவில்லை. தொடர்ச்சி எழுதுகிறவர் விளக்கேற்றினால் “கல்கி வேண்டுமென்றே விட்டதைக் கெடுத்துவிட்டார்” என்பார்கள். ஏற்றாவிட்டால் “இதைக்கூடச் சொல்லவில்லை” என்பார்கள். 1146-ல் இரண்டு கருத்தும் ஒரே பக்கத்தில், எதிரெதிர் ஓரத்தில் இருக்கின்றன. எழுதிய இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் செல்லூரில் தறி வைத்திருந்தார், மற்றவர் டவுன்ஹால் ரோட்டில் நகைப் பட்டறை. வாரம் மாற்றி வாரம் அந்தப் புத்தகத்தைத் திரும்பவும் எடுத்துப் போனார்கள். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று பிறகுதான் புரிந்தது. வாடகை இரண்டு பேரிடமும் வாங்கினேன். நல்ல நாவல்கள் பல அலமாரியில் தூசி பிடித்துக் கிடந்தபோது, சுமாரான இந்த நாவல் இப்படி ஓடியது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். அதே நாவலை அடுத்த கூட்டத்துக்கு மறுபடி எடுங்கள். முழுவதும் படித்தவர்கள் முதலில் பேசட்டும், பாதியில் விட்டவர்கள் எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று சொல்லிவிட்டுப் பேசட்டும். திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன், 38-ம் பக்கத்திலிருந்து. கல்கியைத் தொடாதே என்கிற அண்ணனும் வரட்டும். எந்த இடத்தில் கை பட்டது, எந்த இடத்தில் வலித்தது என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டட்டும்.

1146-ஐக் கொண்டுவருகிறேன். பைண்டிங் விட்டுப்போயிருக்கிறது, பசை போட்டு வைக்கிறேன். கையில் வாங்குகிறவர்கள் முதுகை மடக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தெப்பத் திருவிழா வருகிறது, தெப்பக்குளம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் சுற்றித்தான் வரும். அதனால் பத்து மணி என்பதைப் பத்தரையாக வைத்தால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரன்